ஒப்பீட்டுக் குழு

சமுதாயக்கூடத்தின் தகரக் கூரையில் மழை விடாமல் தட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே வட்டமாக உட்கார்ந்திருக்கும் பெண்களில் ஒருத்தி, பிள்ளையைப் பறிகொடுத்ததைச் சொல்லி அழுகிறாள். பக்கத்திலிருப்பவள் அவள் முதுகைத் தடவிக்கொடுக்கிறாள். இப்படிக் கூடிப் பேசுவது துக்கத்தைக் குறைக்கிறதா என்று ஆராயும் உளவியல் மாணவி சுமித்ரா வாசலை மறித்து நிற்கிறாள். எதிரே, நனைந்த கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பெருமாயி. இவளும் மகனை இழந்தவள்தான். ஆனால் சீட்டுக் குலுக்கியதில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இப்போதைக்கு எதுவும் செய்யாமல் விட்டுவைக்கும் குழுவில் இவள் பெயர் விழுந்துவிட்டது. “நானும் உள்ளார வந்து ஒக்காந்துக்கட்டுமா கண்ணு? ராவெல்லாம் தூக்கமே வரமாட்டீங்குது.” “உங்க குழுவுக்குத் தை மாசந்தாங்கம்மா.” சுமித்ரா வாசலைவிட்டு நகரவில்லை. ஒருத்தியைச் சேர்த்தாலும், இரண்டு குழுக்களுக்கும் நடுவே தெரியப்போகும் வித்தியாசத்தை யாரும் நம்பமாட்டார்கள். “செரி சாமி. ஜன்னலோரமா நின்னு கேட்டுக்கறேன்.” கேட்டாலும் ஆய்வு கெட்டுவிடும். சுமித்ரா உள்ளே போய் ஜன்னல் கதவைப் பிடித்து இழுக்கிறாள். துருவேறிய கீல் அசைய மறுக்கிறது. “சாரல் அடிக்குதா கண்ணு?” என்று கேட்டபடியே, பெருமாயி வெளியிலிருந்து இரண்டு கையாலும் தள்ளிச் சாத்திக்கொடுக்கிறாள்.