உறுத்துற இடம்

“இந்த மூஞ்சியை இன்னும் எத்தனை வருஷம்தான் பார்த்துக்கிட்டு இருக்கிறது டாக்டர்? சீக்கிரம் சரி பண்ணி விடுங்க!”

தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே அண்ணன்காரர் இப்படிச் சொன்னதும் நூல்கண்டுக்குச் சுருக்கென்றது.

நூல்கண்டு என்பது வார்டு நர்சுகள் வைத்த பெயர். பிளாஸ்டிக் சர்ஜரி படிக்க வந்து இது இரண்டாவது வருடம். நாற்காலிக் கை, பை வார், கோட்டுப் பொத்தான், எது அகப்பட்டாலும் தையல் முடிச்சுப் போட்டுப் பழகிக்கொண்டிருப்பாள்.

மூன்று நாள் முன்புதான் சீஃப் டாக்டர் சொல்லியிருந்தார். “அடுத்து வர்ற தழும்பு கேஸ் உன்னோடது. முதல் கீறல்லேருந்து கடைசித் தையல் வரைக்கும் நீதான். நான் கையைக் கட்டிக்கிட்டு நிப்பேன்.”

அந்த அடுத்த கேஸ்தான் இதோ எதிரில் உட்கார்ந்திருக்கிறது. லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தொன்பது வயது. இடது புருவத்தில் ஆரம்பித்துக் கன்னம் வரைக்கும் இறங்கிய தடித்த தழும்பு. பார்த்ததுமே அவளுக்குக் கை பரபரத்தது.

“நாலு பேர் முன்னால இவனைக் கூட்டிக்கிட்டுப் போக முடியுதா?” அண்ணன் விடவில்லை. “டேய், நீயும் வாயைத் திறந்து சொல்லேண்டா!” என்று தம்பியின் சட்டைக் காலரைப் பார்த்து அதட்டினார்.

“சார், நீங்க கொஞ்சம் வெளியில இருங்க.”

போனார். போனவர் உட்காரவில்லை. கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

அவள் கைக்கண்ணாடியையும் ஒரு பஞ்சுக்குச்சியையும் எடுத்துத் தம்பியிடம் கொடுத்தாள். அது சீஃப் வைத்த சட்டம். தழும்பை எடுக்கும் முன் நோயாளியே கண்ணாடியைப் பார்த்து, எந்த இடம் உறுத்துகிறதோ அதைக் குச்சியால் தொட்டுக் காட்ட வேண்டும். அதைத்தான் படிவத்தில் குறிக்க வேண்டும். தொடவில்லையென்றால் ஆபரேஷன் இல்லை. “கூட வந்தவங்களுக்கு உறுத்துறதுக்கெல்லாம் நம்ம கத்தி கிடையாது” என்பார்.

“எந்த இடம் உறுத்துது? தொட்டுக் காட்டுங்க.”

மெக்கானிக் கண்ணாடியைப் பார்த்தார். மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டார். குச்சியை இப்படியும் அப்படியும் உருட்டினார்.

“எதுவும் உறுத்தலையே.”

“சிரிக்கும்போது இழுக்குதா?”

“இல்லையே.”

“யாராவது கேலி பண்றாங்களா?”

“லிஃப்டுக்குள்ள மூணு பக்கமும் கண்ணாடி டாக்டர். ஒரு நாளைக்கு நாப்பது தடவை என் மூஞ்சியை நானே பார்க்கிறேன். எனக்கும் இதுக்கும் இதுவரைக்கும் ஒரு தகராறும் வந்ததில்லை.”

“அப்போ ஆபரேஷன் வேண்டாமா?”

“வேணும். கையெழுத்து எங்க போடணும்?”

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வேண்டும் என்கிறார், உறுத்தவில்லை என்கிறார். அண்ணனுக்குப் பயப்படுகிறாரா? பயந்த முகமாகவும் தெரியவில்லை.

“ஒருவேளை... புருவத்துக்குக் கீழே, இந்த இடமா இருக்குமோ?”

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கேஸ் கை நழுவிவிடக் கூடாதென்று தானே இடத்தைச் சொல்லிக் கொடுக்கிறாளே! வெளியே நடக்கிற மனுஷனுக்கும் அவளுக்கும் அப்புறம் என்ன வித்தியாசம்?

பேனாவை எடுத்தாள். “மன்னிச்சிடுங்க. அண்ணன் அதட்டுறார்ங்கிறதுக்காக உங்க முகத்துல கத்தி வைக்க முடியாது.” படிவத்தில் ‘நோயாளிக்கு எந்த இடமும் உறுத்தவில்லை’ என்று எழுதினாள். முதல் ஆபரேஷன் போயே போய்விட்டது.

“ஐயோ, எழுதாதீங்க டாக்டர்!” மெக்கானிக் பதறினார். கதவை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். “அப்போ எனக்கு ஏழு வயசு, அண்ணனுக்குப் பதினொண்ணு. பெயின்ட் டப்பா மூடியைத் தட்டு மாதிரி வீசி விளையாடிக்கிட்டிருந்தோம். படியில நின்ன என்மேல அவன் வீசினது பட்டுக் கிழிச்சு, நான் உருண்டு விழுந்துட்டேன். படியில விழுந்ததுலதான் கிழிஞ்சுதுன்னு வீட்ல சொல்லிட்டான். நானும் ஆமான்னுட்டேன்.”

“மூடி வந்து பட்டதை நீங்க பார்த்தீங்களா?”

“பார்த்துக்கிட்டேதான் நின்னேன். எனக்குத் தெரியாதுன்னு இன்னிக்கு வரைக்கும் நினைச்சுக்கிட்டிருக்கான். அன்னியிலிருந்து என்கிட்ட எப்படிப் பேசுறான் தெரியுமா? காலரைப் பார்ப்பான், காதைப் பார்ப்பான், பின்னால சுவத்தைப் பார்ப்பான். முப்பத்திரண்டு வருஷமாச்சு, என் மூஞ்சியைப் பார்த்துப் பேசி.”

அவள் கோட்டுப் பொத்தானில் போட்டுக்கொண்டிருந்த முடிச்சு பாதியில் நின்றது.

“எனக்குத் தெரியும், பரவாயில்லைன்னு நீங்களே சொல்லிடலாமே?”

“சொன்னா? இன்னும் முப்பது வருஷம் என் காலைப் பார்த்துப் பேசுவான்.”

அவள் பாதி முடிச்சை அவிழ்த்துவிட்டுப் படிவத்தைத் திரும்பப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

“தழும்பு முழுசாப் போகாது. மெலிசாகும், அவ்வளவுதான்.”

“அவன் தலை நிமிர்ந்தா போதும் டாக்டர்.”

எழுதியதை அடித்துவிட்டுப் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். “சட்டம் சட்டம்தான். எந்த இடம் உறுத்துதுன்னு நீங்களே காட்டணும்.”

மெக்கானிக் கைக்கண்ணாடியை மெல்லத் தோளுக்கு மேலே தூக்கிச் சாய்த்தார். கதவுக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிந்தபடி நடந்துகொண்டிருந்த அண்ணனின் உருவம் கண்ணாடிக்குள் வந்ததும், குச்சியை அதன்மேல் வைத்தார்.

“இங்க.”