கல்லில் ஏழு

ஆயுத பூஜைக் காலை. நாமக்கல் போகும் நெடுஞ்சாலையின் ஓரத்தில் கிலோமீட்டர் கல் குளித்து நிற்கிறது. மஞ்சள் தலையில் சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம். கீழே வாழையிலையில் பொரி, கடலை. பக்கத்தில் மண்வெட்டி, கடப்பாரை, பெயின்ட் பிரஷ், எல்லாவற்றுக்கும் பொட்டு. முட்டை லாரி கடக்கும்போது சூடத்தின் சுடர் படுத்து எழுகிறது. சாலைப் பணியாளர் சின்னராஜ் அப்போதுதான் கவனிக்கிறார். நேற்று அவர் கல்லில் எழுதியது 44 அல்ல, 7. சாலையின் எண் மாறி எவ்வளவோ வருடமாகிறது. பழகிய கை பழையதையே எழுதிவிட்டது. பிரஷ்ஷை எடுக்கக் குனிகிறார். "ஏனுங்ணா, பூசைக்கு வெச்சத இன்னிக்கித் தொடலாமுங்களா?" என்று கூட வேலை செய்யும் கந்தம்மாள் தடுக்கிறார். "இஞ்சினியரு பாத்தா மெமோதான் சாமி," என்கிறார் சின்னராஜ். "நாளைக்கி அழிச்சுக்கலாமுங்க." ஜீப் வந்து நிற்கிறது. இன்ஜினியர் செருப்பைக் கழற்றிவிட்டு, கல்லை நேராகப் பார்த்துக் கும்பிடுகிறார். சின்னராஜ் திருநீற்றுத் தட்டை நீட்டுகிறார். இன்ஜினியரின் போன் அடிக்கிறது. "பூசையிலதானுங்க இருக்கறேன்," என்கிறார், திருநீறு பூசிக்கொண்டே. "இங்கதான், ஏழாம் நம்பர் ரோட்டுல."