ஜெம்பேக்குப் பின்னால்

“நிறுத்துடா. அது தோலு. உன் எதிரி இல்ல.”

ஃபாரபான் தன் ஜெம்பே முரசின் மேல் உள்ளங்கையை வைத்து ஓசையை அடக்கினான். எதிரே உட்கார்ந்திருந்த நான்சாடி நிமிர்ந்து பார்க்கவில்லை. முழங்கால்களுக்கு நடுவே சாய்த்துப் பிடித்திருந்த முரசையே பார்த்துக்கொண்டிருந்தான். விரல்கள் வீங்கியிருந்தன.

“மறுபடியும் சொல்லிக் குடு,” என்றான்.

“மறுபடியும் என்னத்த? நடுவுல ஒண்ணு, ஓரத்துல ஒண்ணு, விரல விட்டுச் சுண்டுறது ஒண்ணு. மூணே சத்தம். இந்தத் தோலுக்குச் சொந்தக்கார ஆடே உசிரோட இருந்தப்ப இதுக்குள்ள கத்துக்கிட்டிருக்கும்.”

மாமரத்தடியில், கரி அடுப்பில் தேநீர் காய்ச்சிக்கொண்டிருந்த கேமோகோ சத்தமாகச் சிரித்தான். மூவரும் ஒரே வயது. ஒன்றாக ஆற்றில் குதித்து வளர்ந்தவர்கள்.

நாளை துனுன்பா ஆட்டம். ஊரின் ஆண்கள் வயதுவாரியாக அணி பிரிந்து, நீர்யானைத் தோல் சவுக்கோடு வட்டத்தில் இறங்கும் நாள். சின்னவர்களின் அணி பெரியவர்களின் இடத்தைக் கேட்கும். ஜோடி ஜோடியாக நின்று மாறி மாறி அடிக்க வேண்டும், மாறி மாறி வாங்க வேண்டும். விலகினவன் தோற்றான். வராதவனுக்கு அதன்பின் ஊரில் பேச வாய் கிடையாது.

முரசு அடிப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. அவர்கள் மேல் சவுக்கு படாது. அவர்களும் சவுக்கைத் தொடக் கூடாது. முரசு வரிசையில் யார் உட்காருவது என்பது ஃபாரபான் கையில் இருந்தது. போன வாரம்வரை ஜெம்பேயைத் தொட்டே பார்க்காத நான்சாடி, அங்கே தனக்கு ஓர் இடம் வேண்டும் என்று பிடிவாதமாக வந்து உட்கார்ந்திருந்தான்.

“எங்க அணியில ஒரு ஆள் குறையுது,” என்றான் கேமோகோ. “இவன் இடத்துல யார் நிக்கறது, என் மாமியாரா?”

“நீ நில்லு,” என்றான் நான்சாடி.

“நான் எனக்கு நிக்கறேன். உனக்கும் சேத்து வேற வாங்கணுமா? போன தடவ என் காது கிழிஞ்சுது. யார்கிட்டயாவது போய் நியாயம் கேட்டேனா? வட்டத்துக்குள்ள விழுந்த அடி வட்டத்தோட போச்சு. உசிரே போனாலும் கேள்வி கிடையாது. அதான் இவன் ஒதுங்கப் பாக்கறான்.”

நான்சாடி கைகளைத் தூக்கி மறுபடி ஆரம்பித்தான்.

துணை ஜெம்பேக்கு ஒரே தாளம்தான். அது மாறாமல், ஓடாமல், திரும்பத் திரும்ப வர வேண்டும். கொஞ்ச நேரம் சரியாக வந்தது. பிறகு வேகம் பிடித்தது. கை தோலைத் தாண்டி மரவிளிம்பில் மோதியது. அவன் நிறுத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தான்.

ஃபாரபான் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தான்.

“பைத்தியமாடா உனக்கு? கைய வீசாதேன்னு எத்தன வாட்டி சொல்றது? நாளைக்கு நீ இப்படி ஓடினா, ஆடறவன் கால எங்க வெக்கிறதுன்னு தெரியாம நிப்பான். ஊரே என் மூஞ்சில துப்பும்.”

“ஓரமா உக்காந்து மெதுவாத் தட்டறேன்.”

“உனக்கு மெதுவாத் தட்டத்தான் தெரியலியேடா.”

கேமோகோ ஒரு கிளாஸ் தேநீரை நான்சாடியிடம் நீட்டினான். வாங்கக் கை நீட்டியதும் பின்னால் இழுத்துக்கொண்டான்.

“இது ஆம்பளைங்களுக்கு. சிரா இருந்திருந்தா உன்னப் பாத்து வெக்கப்பட்டிருப்பா.”

சாலையில் அடிபட்டு நான்சாடியின் மனைவி சிரா செத்து ஒரு மழைக்காலம்தான் ஆகியிருந்தது.

“அவள ஏன்டா இழுக்கற?” என்று ஃபாரபான் கேமோகோவை அதட்டினான். ஆனால் கோபம் திரும்ப நான்சாடி மேலேயே வந்தது.

“எதிர்ல யார் நிக்கப்போறான்னு தெரியும்ல? என் தம்பி லான்சினே. எலும்பும் தோலும். அவனுக்கா பயப்படற? வேணும்னா மெதுவா அடிடான்னு நான் சொல்லிவெக்கிறேன்.”

“வேண்டாம்.”

“சொன்னாக் கேப்பான்டா. உன் மேல அவ்வளவு மரியாத. சிரா போனதுலேருந்து உன்னக் கண்டாலே தலையக் குனிஞ்சுக்கிறான்.”

“எனக்கு முரசு போதும்.”

ஃபாரபான் எழுந்தான். நான்சாடியின் கால்களுக்கு நடுவிலிருந்து ஜெம்பேயைப் பிடுங்கினான்.

“கிடையாது. பயந்தாங்கொள்ளிக்கு என் பக்கத்துல இடம் இல்ல. நாளைக்கு வட்டத்துல இறங்கி என் தம்பி கையால நல்லா வாங்கிட்டு வா. அப்புறம் வருஷம் பூரா சொல்லித் தரேன்.”

“அப்படிச் சொல்லு,” என்ற கேமோகோ, கெட்டிலைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடியே கிணற்றுப் பக்கம் போனான்.

நான்சாடி அவன் போய் மறையும்வரை காத்திருந்தான். பிறகு ஃபாரபானின் முகத்தை முதல்முறையாக நேராகப் பார்த்தான்.

“உன் தம்பி எவ்வளவு அடிச்சாலும் வாங்கிப்பேன், ஃபாரபான். அவன் முடிச்சதும் சவுக்கு என் கைக்கு வருமே, அதுக்குத்தான் பயப்படறேன். சிராவ இடிச்சுட்டு நிக்காமப் போன பைக்க ஓட்டினது லான்சினேதான்னு, சாகறதுக்கு முன்னாடி அவளே என்கிட்ட சொன்னா.”