டீச்சர் சொல்லாத பெயர்

"அந்தக் கம்பளி மூட்டை எதுக்கு? பாடம் நடத்துற சாமானா?"

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆய்வாளர் மபிஜா அம்மா, பேனாவால் அலமாரிப் பக்கம் காட்டினார்.

"ஆமாம்மா," என்றாள் புசிஸ்வா.

ஆய்வாளர் படிவத்தில் 'துணைக்கருவி உண்டு' என்று எழுதிக்கொண்டார்.

நான்கு வருடமாகப் புசிஸ்வா தற்காலிக ஆசிரியை. இன்று தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் இந்தப் பருவத்தோடு சீட்டுக் கிழிந்துவிடும். அப்புறம் மாமனாரின் மாட்டுக் கொட்டில்தான். அவர் அதை வாரம் தவறாமல் சொல்லிக்காட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் வகுப்பு. எழுவாய், பயனிலை. பாடப்புத்தகம் போட்ட புண்ணியவான் எல்லா வாக்கியத்துக்கும் ஒரே ஆளைப் பிடித்து வைத்திருந்தான். மாலுசி மாடுகளை ஓட்டி வந்தான். மாலுசி சோளக்கஞ்சி குடித்தான்.

அவள் மாமனார் பெயரும் மாலுசிதான்.

அந்த ஊர் வழக்கப்படி மருமகள் நாக்கில் மாமனார் பெயர் ஏறாது. அவர் செத்த பிறகும் ஏறாது. ஆகவே அவள் கரும்பலகையில் சாக்பீஸால் தட்டுவாள், பிள்ளைகள் பெயரைக் கத்துவார்கள், மிச்சத்தை அவள் வாசிப்பாள். எல்லாரையும்விட உரக்கக் கத்துவது அவளுடைய மகள் லிதா.

போன தடவை வந்த ஆய்வாளர், 'ஆசிரியை வாக்கியத்தை முழுதாக வாசிப்பதில்லை' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். மபிஜா அம்மாவும் ஒரு வீட்டு மருமகள்தான். ஆனால் படிவத்தில் அதற்கெல்லாம் கட்டம் கிடையாது.

பிள்ளைகள் பலகையைப் பார்க்கவில்லை, டீச்சரின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மருமகள் என்பதற்கு அடையாளமாக எப்போதும் இறுக்கிக் கட்டியிருக்கும் தலைத்துணி இன்று இல்லை. டீச்சருக்கு இவ்வளவு முடியா என்று ஒருத்தி பக்கத்திலிருந்தவள் காதைக் கடித்தாள்.

புசிஸ்வா முதல் வாக்கியத்தை எழுதினாள்.

சாக்பீஸால் தட்டினாள். பிள்ளைகள் வாயைத் திறந்தார்கள்.

அவள் கையை உயர்த்தி அவர்களை நிறுத்தினாள்.

"மாலுசி," என்றாள். "மாலுசி மாடுகளை ஓட்டி வந்தான். இதுல எழுவாய் எது? மாலுசி."

லிதா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஐயோ, டீச்சர் சொல்லிட்டாங்க!" என்று எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது.

மபிஜா அம்மாவின் பேனா நின்றுவிட்டது. அந்த வெறுந்தலையைப் பார்த்தார். பிறகு மூட்டையைப் பார்த்தார். அதிலிருந்து ஒரு சட்டியின் கைப்பிடி துருத்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு சின்னக் குளிர்ச்சட்டையின் கை.

'முழுதாக வாசிக்கிறார்' என்ற கட்டத்தில் டிக் போட்டார். படிவத்தில் மேலே போய், 'துணைக்கருவி உண்டு' என்று எழுதியதை அடித்தார்.

மணி அடித்ததும் பிள்ளைகள் விழுந்தடித்து வெளியே ஓடினார்கள். லிதா மட்டும் போய் மூட்டையின் மேல் உட்கார்ந்தாள்.

மபிஜா அம்மா மேசைக்குக் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ராத்திரிக்கு எங்கம்மா படுப்பீங்க, ரெண்டு பேரும்?"