கட்டிலுக்கு அடியில்

“ஏன்க்கா, மாமா வயிறுகூடத்தான் உப்பிக் கிடக்கு. அவரென்ன வெடிச்சா போயிட்டாரு?”

தம்பி கேட்டதும் மெக்கானிக்குகள் சிரித்தார்கள். சம்பளம் கொடுக்கிறவன் நகைச்சுவை சொன்னால் சிரிக்காமல் முடியுமா?

அக்கா சிரிக்கவில்லை. பேட்டரி ஸ்கூட்டர் பழுது பார்க்கும் அந்தப் பட்டறையில் பாதிப் பங்கு அவளுடையது. மீதிப் பாதியும் வாய் முழுவதும் தம்பியுடையது.

“உங்க மாமா வயித்தை நான் படிக்கட்டுக்கு அடியில அடுக்கி வெக்கலடா. இந்தப் பேட்டரியெல்லாம் உப்பினது, அடிபட்டது. மேல சீட்டு உறை தைக்கிற பொம்பளைங்க உக்காந்திருக்காங்க. சுத்தி ஃபோமும் ரெக்சினும். பத்திக்கிட்டா எந்த வழியா இறங்குவாங்க? இருக்கிறதே ஒரு படிக்கட்டு.”

“பத்தினா பார்த்துக்கலாம்.”

“பத்தின பிறகு பார்க்க என்னடா மிச்சம் இருக்கும்? பின்னால தகரக் கொட்டகை தனியா நிக்குது. அங்க மாத்துன்னு எத்தனை வாட்டி சொல்றது?”

“அங்க என் கார் நிக்குது. புது வண்டி. வெயில் பட்டா பெயிண்ட் வெளுத்துடும்.”

“ஓஹோ! காருக்கு வெயில் ஆகாது, பொம்பளைங்களுக்கு நெருப்பு ஆகும். நல்லாயிருக்குடா உன் நியாயம்! கம்பெனிக்காரங்க கூப்பிட்டு ஒரு நாள் முழுக்கப் பயிற்சி குடுத்தாங்களே, அங்க இதெல்லாம் சொல்லலையா?”

“யாருக்குத் தெரியும்? நான் நல்லாத் தூங்கிட்டேன்.”

மறுபடியும் சிரிப்பு.

“உனக்கு அவ்வளவு பயமா இருந்தா, என் வீட்டுல கொண்டு போய் வை. கட்டிலுக்கு அடியில போட்டுட்டு மேல படுத்துக் குறட்டை விடுறேன்.”

“நிஜமாத்தான் சொல்றியா?”

“என் பேச்சு ஒரே பேச்சுதான்.”

அக்கா பின்பக்கக் கொட்டகையை நோக்கி நடந்தாள்.

மதியம் சாப்பிட்டுவிட்டுத் தம்பி தன் அறையில் பல் குத்திக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

“நீ சொன்னபடியே செஞ்சுட்டேன்டா.”

“என்னத்த?”

“பேட்டரியத்தான். வேன்ல ஏத்தி உன் வீட்டுக்கு அனுப்பியாச்சு. உன் பொண்டாட்டிதான் வாங்கி வெச்சா. கட்டில் மேல பாப்பா தூங்குறாளாம். எழுந்துக்கக் கூடாதுன்னு காலாலேயே மெல்ல அடியில தள்ளிட்டாளாம்.”

தம்பியின் வாயிலிருந்து குச்சி விழுந்தது.

“காலால தள்ளினாளா? ஐயோ! உனக்கு மூளை இருக்காக்கா? உப்பின பேட்டரியை யாராவது தள்ளுவாங்களா? ஒரு இடி இடிச்சாப் போதும், உள்ளயே சூடேறிக் குபீர்னு பத்திக்கும்! மெத்தை பக்கத்துல, துணி பக்கத்துல வெக்கவே கூடாது! புகை ஒண்ணு போதும், பாப்பா தாங்க மாட்டா!”

வீட்டுக்குப் போன் போட்டான். அடித்துக்கொண்டே இருந்தது. எடுப்பாரில்லை.

“பாப்பா தூங்குறப்போ சத்தத்தை அணைச்சு வெச்சுடுவா! கார்ச் சாவி எங்க?” மேசையைக் கவிழ்க்காத குறையாகத் தேடினான். “தனியா வெக்கணும், காத்தாட வெக்கணும், ஆள் போற வழியில வெக்கக் கூடாதுன்னு அன்னிக்குப் பூரா தொண்டை கிழியக் கத்தினாங்களே!”

“நீதான் தூங்கிட்டியே. கனவுல வந்து கத்தினாங்களா?”

அறை வாசலில் மெக்கானிக்குகள் நின்றார்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்குப் பின்னால், சத்தம் கேட்டு இறங்கி வந்த தையல்காரப் பெண்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா, உன் காலைப் பிடிக்கிறேன். சாவி!”

அக்கா கையை விரித்தாள். சாவி அவளிடம்தான் இருந்தது.

“எங்கேயும் ஓட வேணாம். உன் வீட்டுக்கு ஒண்ணும் போகல. அத்தனையும் படிக்கட்டுக்கு அடியிலதான் இருக்கு. உன் காரைத்தான் கொட்டகையிலேருந்து எடுத்து வெயில்ல விட்டிருக்கேன்” என்றாள். “வா, ஒவ்வொண்ணா நீயே தூக்கி அங்க வை, குலுக்காம. எப்படின்னுதான் உனக்கு நல்லாத் தெரியுதே!”