நடுவில் ஒரு கட்டம்

ஆவுடையப்பன் பெண்சாதி கோமு, எடுத்த கைவேலை எதையும் முடித்ததாகச் சரித்திரம் கிடையாது. பேரனுக்கென்று பின்ன ஆரம்பித்த ஸ்வெட்டர், அவனுக்கு மீசை முளைத்த பிறகும் ஒற்றைக் கையோடு பீரோவில் கிடக்கிறது. கிராஸ் ஸ்டிச் கிளிக்கு முப்பது வருஷமாக வால் வரவில்லை. அப்பேர்ப்பட்டவள், ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளை மட்டும் தனியே கூப்பிட்டுப் பேசிய மறுநாளே ஒட்டுத்துணிப் போர்வை தைக்க உட்கார்ந்துவிட்டாள். காப்பி ஆறினாலும் ஊசி நிற்கவில்லை. கட்டிலில் கிடந்தபடி அவர் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். நீலக்கோடு அவருடைய தீபாவளிச் சட்டை. காக்கி, பஸ் டிப்போவில் கடைசி நாள் போட்டது.

“ஏட்டி, எல்லாத்தையும் வெட்டிட்டா நான் வெளிய போக எதைப் போடுவேன்?”

“நீங்க எங்க போகப் போறீய?” என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“டாக்டர் என்னட்டி சொன்னான்?”

“சத்தா சாப்பிடச் சொன்னாவ.”

அவள் வாயை அவர் என்றைக்கும் நம்பியதில்லை. கையைத்தான் பார்ப்பார். கை அவசரப்பட்டது.

வெள்ளிக்கிழமை போர்வையின் நடுவில் ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. கோமு கட்டிலோரம் வந்து நின்றாள்.

“அந்தச் சட்டையக் கழட்டித் தாங்க. துவைச்சுப் போடுதேன்.”

“காலையிலதானட்டி துவைச்சதை மாட்டிவிட்ட?”

அவள் முந்தானைக்குள் கத்தரிக்கோல் துருத்திக்கொண்டிருந்தது.

அவர் ஒவ்வொரு பொத்தானாக அவிழ்த்துச் சட்டையைச் சுருட்டி நீட்டினார்.

“இந்தா. இதையாவது முடி.”

அவள் கை நீட்டவில்லை.