கேப்டன் சதாசிவனின் கம்பியில்லா மீட்டர்

சதாசிவனின் சைக்கிள் வேக மீட்டரில் இருபத்திரண்டு ஓடியது. ஹாண்டில்பாரில் தீப்பெட்டி அளவுக்கு உட்கார்ந்திருந்த அந்தக் கறுப்புப் பெட்டியை ஒருமுறை பார்த்தார். பிறகு நாலு ஊருக்குத் தெரியும்படி முகத்தை நிமிர்த்திக்கொண்டார்.

"பாத்தியா பிள்ளே? இருவத்திரெண்டு. இந்த வயசுல!"

"கொள்ளாம் சாரே," என்று மெச்சி வைத்தாள் பக்கத்தில் சைக்கிளில் வந்த விலாசினி. தாலுகா ஆபீஸ் கிளார்க். ரிட்டயர்டு சூப்பிரண்டு சதாசிவனுக்கு அடுத்த வீடு என்ற ஒரே குற்றத்துக்காக, ஒரு வருஷமாக அவருடைய சொற்பொழிவுகளைக் கேட்டுக்கொண்டிருப்பவள்.

அன்று கேரள எல்லையோரத்துப் பாறசாலையிலிருந்து பொழியூர் கடற்கரை வரைக்கும் சைக்கிள் சங்கத்தின் ஓட்டம். கரையில் எல்லார் மீட்டரையும் பார்ப்பார்கள். யாருக்குச் சராசரி வேகம் கூடுதலோ அவர்தான் கன்னியாகுமரி போகும் படைக்குக் கேப்டன்.

"வாயால அளக்குகது வேண்டாம். மீட்டரு சொல்லட்டு!" என்று மேசையைத் தட்டி இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததே சதாசிவன்தான். முதுகில் 'கேப்டன்' என்று அச்சடித்த பனியன் அதற்கு முந்தின வாரமே அவர் வீட்டுக்கு வந்துவிட்டது.

மீட்டரைத் தேர்ந்தெடுக்க ஒரு மழைக்காலம் முழுக்க வீடியோ பார்த்தார். கம்பி வைத்தது மட்டமாம். கம்பி என்றால் துணி காயப்போடத்தானாம். கடைசியில் கம்பியில்லாததை இரண்டாக வாங்கினால் தள்ளுபடி என்று கண்டு, இன்னொன்றை விலாசினியின் தலையில் கட்டினார்.

முந்தின நாள்தான் மாட்டியது. சோதித்துப் பார்ப்பதெல்லாம் மலிவுச் சாமான் வாங்குகிறவர்களின் வேலை. திரையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கைக்கூட உரிக்கவில்லை. அவர் காரின் சீட்டிலும் ஷோரூம் பாலிதீன் இன்னும் அப்படியே கிடந்து, உட்காருகிறவர்களுக்கெல்லாம் கீழே சலசலக்கிறது.

"சக்கரத்துக்க கம்பியில ஒரு காந்தம். பக்கத்துல ஒரு சென்சாரு. காந்தம் சுத்திவரும்போ சென்சாரு எண்ணி, காத்து வழியா மீட்டருக்கு அனுப்பும். மனசிலாச்சா? நீ எனக்க பக்கத்துலயே ஒட்டிப் பெடலச் சவுட்டு. வேகம்ணா என்னண்ணு படிக்கலாம்."

ஏற்றம் வந்தது. வேகத்தின் வாத்தியார் இறங்கித் தள்ளினார். விலாசினி இறங்கவில்லை. பெரிய மனுஷனை நடுவழியில் விட்டுப் போகவும் மனசு வரவில்லை. கொஞ்சம் மேலே சவுட்டிப் போய், திரும்பி வந்து அவரை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி மேலே போனாள்.

தள்ளிக்கொண்டிருந்தவரின் மீட்டரில் பதினாலு வந்தது. செத்தது. மறுபடி பதினாலு வந்தது.

எட்டிப் பார்த்த விலாசினி கேட்டாள்: "தள்ளும்போளும் பதினாலா சாரே?"

"குவாலிட்டி அதாக்கும்."

"இடைக்கு இடைக்கு அணைஞ்சு போகுதே?"

இதுதான் சாக்கு என்று சதாசிவன் நின்று மூச்சு வாங்கினார். "இஞ்ச நிண்ணு கல்லெறிஞ்சா தமிழ்நாட்டுல போய் விழும். போனு அந்தப் பக்கத்து டவரைப் பிடிக்கது உண்டுல்லியா? அதுபோல மீட்டரு கொல்லங்கோட்டு டவரைப் பிடிக்குது. நம்ம பக்கம் வந்தா சரியாவும்."

எல்லையோரத்தில் எது மக்கர் செய்தாலும் அவருக்கு அடுத்த மாநிலத்து டவர்தான் காரணம். வீட்டில் மிக்ஸி நின்றபோதும் அதையேதான் சொன்னார்.

பொழியூரில் மற்றவர்கள் சாயா குடித்து, மீனும் வாங்கிவிட்டிருந்தார்கள். மொபைல் கடை வைத்திருக்கும் சஜன்தான் சங்கத்துச் செயலாளர். அவன் மீட்டரில் சராசரி பதினேழு. சங்கத்து இன்னொரு ஆள் ஜெயனுக்குப் பதினஞ்சு. சதாசிவனுக்குப் பத்தொம்பது.

"கடைசில வந்த ஆளுக்குப் பத்தொம்பதா?" என்றான் சஜன்.

"எலே சஜா, நேரத்துக்கு வாறது பஸ்ஸு. ஆவரேஜு வேற சங்கதியாக்கும்."

"விலாசினி அக்காக்க மீட்டரையும் பாக்கட்டா?"

"அது என்னத்துக்கு? அவ எனக்க பக்கத்துல படிக்க வந்த பிள்ளை."

அவர் பையிலிருந்து ஒரு ரோஜா மாலை வெளியே வந்தது. சொந்தக் காசில் வாங்கியது. அதைச் சஜன் கையில் கொடுத்துவிட்டு, வசதியாகக் கழுத்தையும் குனிந்து கொடுத்தார்.

"நிக்கட்டு சாரே. சக்கரத்த ஒருக்கா சுத்திக் காட்டுங்க, பாப்போம்."

சதாசிவன் ஏளனமாகச் சிரித்து, முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தார். ஜெயன் ஓங்கிச் சுற்றிவிட்டான். சக்கரம் விர்ரென்று பறந்தது. மீட்டரில் பூஜ்யம்.

"டவரு!" என்றார் சதாசிவன்.

சஜன் குனிந்து பார்த்தான். சென்சாரின் பேட்டரி மூடியிலிருந்து ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "இத உருவவே இல்லியா சாரே? இது கெடந்தா சென்சாருக்கு உயிரே வராதே!"

"புதுச் சாமானுல நான் ஒண்ணையும் பிய்க்கமாட்டேன். இவ்வளவு தூரம் ஓடினது பொய்யா, லே?"

மீன் வண்டிக்காரன் வழி கேட்டு ஹார்ன் அடித்தான். விலாசினி தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு சதாசிவன் பக்கமாக ஒதுங்கினாள்.

சதாசிவனின் மீட்டருக்கு உயிர் வந்தது. மூன்று. நாலு. அவள் நின்றாள். பூஜ்யம். இன்னும் கொஞ்சம் உருட்டினாள். மூன்று.

சஜன் அந்தத் திரையைப் பார்த்தான். விலாசினியின் சக்கரத்தில் இருந்த அதே மாதிரி சென்சாரைப் பார்த்தான். குனிந்திருந்த கழுத்தைத் தாண்டிப் போய், மாலையை விலாசினிக்குப் போட்டான்.

"சாரே, பாறசாலையில இருந்து நீங்க சவுட்டினது முழுக்க இந்த அக்காக்க காலாலயாக்கும்."